இரண்டு ஒயர், ஒரு பென்சில்

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்தோ ஒரகடம் ரெனோ ஆலையிலிருந்தோ வெளியே வரும் இன்றைய கார் எதை எடுத்தாலும், எஞ்சினும் பிரேக்கும் ஏர்பேக்கும் பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டு ஒயர்கள் வழியாகத்தான். கேன் பஸ் என்பார்கள். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. அந்தப் பேச்சை ஆசிலோஸ்கோப் திரையில் பார்க்கலாம். அதற்கு முன் கையால் வரைந்து பழகுவது நல்லது.

நேயர்களும் பென்சில் எடுக்கலாம். இரண்டு ஒயரும் சேர்ந்து 2.5 வோல்ட்டில் ஒரே கோடு: அது 1. யாராவது 0 அனுப்பினால் கோடு இரண்டாகப் பிரியும், ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். நொடிக்கு 5 லட்சம் பிட் என்ற வேகத்தில் ஒரு பிட்டுக்கு 2 மைக்ரோ நொடி. ஒரே நேரத்தில் ஒருவர் 0-வும் இன்னொருவர் 1-ம் அனுப்பினால் ஜெயிப்பது 0. பூஜ்யத்துக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடையாது! ஒரே மாதிரி ஐந்து பிட் தொடர்ந்து வந்தால், அனுப்பும் சிப் எதிர்ப் பிட் ஒன்றை இடையில் செருகும். ஏற்ற இறக்கமே இல்லாத கோட்டில், வாங்கும் சிப்பின் கடிகாரம் தாளம் தப்பிவிடுமே. இந்தச் செருகல் தெரியாமல் திரையைப் படித்தால் கணக்கு உதைக்கும்.

ரெக்கார்ட் நோட்டில் மூலைகள் செங்கோணமாக நிற்கும். நிஜத்தில் கோடுகளைப் பிரிப்பது டிரான்சிஸ்டர். திரும்பச் சேர்ப்பதற்கோ ஆளில்லை, இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள்தான் அதைச் செய்தாக வேண்டும். ரெசிஸ்டர் கழன்றுபோனால் பிரியும் இடம் ஓரளவு செங்குத்தாகவே இருக்கும், சேரும் இடம் சாய்ந்து இழுக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பல கார்களில் பழுதறியும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒன்று போயிற்று.

இப்போதைய ஸ்கோப்புகள் பிட்டுகளைத் தாமே படித்து எண்ணாக எழுதிக் காட்டுகின்றன. சௌகரியம்தான். ஆனால் அந்த எண்களில் சாய்ந்த மூலை தெரியாது. பயிற்சி ஆய்வகங்களில் முதல் பருவம் முழுக்க, திரை அளவுகளைத் தானே அமைத்துவிடும் ஆட்டோசெட் பட்டன்மேல் டேப் ஒட்டி வைத்தாலும் தப்பில்லை.

இரண்டு சேனலிலும் புரோபை மாட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து மூன்றாவதாக ஒரு கோடு வரைய மாணவரிடம் சொல்ல வேண்டும். இக்னிஷன் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுவதால், கழிக்கும்போது அடிபட்டுப்போகும். மிஞ்சுவது 2 வோல்ட்டும் 0 வோல்ட்டும். ஒயர்களை முறுக்கி வைத்த காரணம் மாணவருக்கு அந்த மூன்றாவது கோட்டில்தான் பிடிபடும்.