இணையக் கடையும் நம் இல்லங்களும்

(தண்டலத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



கைப்பேசியின் வழியே அரிசி, பருப்பு வாங்கும் வழக்கம் நம் தண்டலம் வரை வந்துவிட்டது. நம் எளிய குடும்பங்களுள் அதனைப் பயன்படுத்துவோர் யார், இயலாதோர் யார் என்று ஆராய விரும்புகிறோம்.

மளிகைக் கடை நமக்கு வெறும் கடையன்று. எட்ட நின்று காசை வைத்துப் பொட்டலம் பெற்ற நாட்களை நம் முதியோர் இன்றும் கூறுவர். ஆதலினாலன்றோ அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளுள் நுழையும் உரிமையை வெளிப்படையாகவே கூறிற்று! தீண்டாமை கருதிப் பொருள் விற்க மறுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று.

இணையக் கடை சாதி கேட்பதில்லை, இது நன்மையே. ஆயின் முகவரி கேட்கிறது. நம் இளைஞருள் சிலர் தம் தெருப்பெயரை எழுதக் கூசி, சாலையோர நிறுத்தத்தை எழுதி, அங்கே சென்று பொருளைப் பெற்று வருகின்றனர். எட்ட நின்று பெற்றார் பாட்டனார். எட்டப் போய்ப் பெறுகிறான் பேரன்! ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நம் நெஞ்சிலுள்ள கூச்சத்தை நீக்குவது நம் பணி.

அடுத்து, பணம். மாதச் சம்பளம் வங்கியில் விழும் ஆலைத் தொழிலாளி, அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள் ஆகியோரே பெரிதும் இணையத்தில் வாங்குகின்றனர். நாட்கூலியில் வாழும் வீட்டுக்கு வேண்டுவது பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்குக் கடுகு. கூலி வரும்வரை கடன். அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டு செய்யும் இவ்வுதவியை இணையக் கடை செய்வதில்லை. சிறு தொகைக்கு வாங்கினாலோ, கொண்டுவரும் கூலி பொருளின் விலையையே விழுங்கிவிடும்.

அமெரிக்காவிலும் இதே இடர் உண்டு. அங்கு ஏழைகளுக்கான அரசின் உணவு உதவித் தொகையைக் கொண்டு இணையத்தில் வாங்கும் திட்டம் 2019இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிற்று. 2020இல் பெருந்தொற்றின்போது பெரும்பாலான மாநிலங்களுக்கும் விரிந்தது. ஆயினும் வீட்டில் சேர்க்கும் கட்டணத்தை அத்தொகையிலிருந்து செலுத்த இயலாது. உணவுக்கு உதவி உண்டு. அது வந்து சேர்வதற்கு இல்லை.

எல்லாவற்றினும் பெரிது, கைப்பேசி யார் கையில் என்பதே. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 33 பேர். ஆண்கள் 57 பேர். அடுப்பங்கரையின் அளவறிந்தவள் அன்னை, வாங்குபவனோ மகன். ஆதலின் பருப்புக்கு முன்னர் நொறுக்குத் தீனி வந்து சேர்வதில் வியப்பில்லை!

நியாயவிலைக் கடை அரிசி 2011 முதல் நமக்கு விலையின்றிக் கிடைக்கிறது. பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுத் தள்ளுபடி என்னும் சொல்லுக்கு மயங்க வேண்டா. தள்ளுபடி விலையைக் காணும்போது பொட்டலத்தின் எடையையும் காண்க. 900 கிராமைக் கிலோ என்று எண்ணி ஏமாறுவோர் பலர்.

நம் மாலை வகுப்பில் பிள்ளைகளுடன் தாய்மார்களும் அமர வேண்டுகிறோம். முகவரி எழுதுதல், கிலோ விலை கணக்கிடல், இரகசிய எண்ணைப் பிறர்க்குக் கூறாமை ஆகியன முதற் பாடங்கள். சொந்தக் கைப்பேசி இல்லாதோரும் வரலாம். கற்பிக்கும் இளைஞர்கள் தம்முடையதைத் தந்து உதவுவர்.