கட்டுவிரியனும் நரம்பின் இடைவெளியும்

நாயாற்றுக் கரையோர வாடிகளிலே, பகலெல்லாம் கரைவலை இழுத்துக் களைத்தவர்கள் இரவில் மணல் தரையிற் பாய் விரித்து உறங்குவதுண்டு. அவ்வேளையில் இரை தேடி வரும் கட்டுவிரியன் தீண்டினால், பெரும்பாலும் வலியுமில்லை, வீக்கமுமில்லை. பின்னர் வயிற்றுநோவு தோன்றும், இமைகள் தாழும், நாக்குழறும், ஈற்றில் மூச்சும் ஒடுங்கும். எட்டடி விரியன் என்றும் இதற்கொரு பெயருண்டு. எட்டடி நடக்குமுன் உயிர் போகும் என்பது அதன் பொருளாயின், அது மிகை. நஞ்சு முற்றப் பெரும்பாலும் சில மணி நேரம் செல்லும்.

அந்நேரத்தில் நடப்பது யாது? நரம்புக்கலத்துக்கு ஓர் உடலும், செய்தி வாங்கும் பல கிளைகளும், செய்தியைக் கொண்டுசெல்லும் நீண்ட இழையொன்றும் உண்டு. மூச்சை இயக்கும் இழைகள் கழுத்துப் பகுதி முண்ணாணிலே தொடங்கி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையாகிய பிரிமென்றகட்டை அடைகின்றன. சோடியம் அயன்கள் உட்புக, பொற்றாசியம் அயன்கள் வெளியேற, இழை நெடுகிலும் மின்னதிர்வு ஓடுகிறது.

ஆனால் இழை தசையைத் தொடுவதில்லை. நடுவே, ஒரு மில்லிமீற்றரின் 20,000இல் ஒரு பங்களவான இடைவெளி. மின்னதிர்வு அக்கரை தாண்டாது. இழைநுனியிலுள்ள நுண்பைகள் சிந்தும் அசற்றைல்கோலின் என்னும் இரசாயனமே தோணிபோற் கடந்துசென்று தசையை எழுப்புகிறது. நரம்பு இவ்வாறு இரசாயனத்தாற் பேசுவதை 1921இல் ஒட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தளர்த்தி, அதைச் சூழ்ந்த நீரை மற்றதற்கு விட்டார்; அதுவும் தளர்ந்து துடித்தது.

கட்டுவிரியன் நஞ்சு முதன்மையாகத் தாக்குவது இந்நுனியையே. நுண்பைகள் வெறுமையாகின்றன, நுனி சிதைகிறது. மூளையிலே கட்டளை பிறக்கிறது, இழைவழியே ஓடியும் வருகிறது, துறையிலே தோணியில்லை. ஆகவே, கண் திறவாது அசைவற்றுக் கிடப்பவர், அருகிலுள்ளோர் அழுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கக்கூடும். அவரை இறந்தாரென எண்ணிவிடுவதைப் போன்ற கொடிய பிழை வேறில்லை.

கடிவாயைக் கீறுவதிலும் கல் வைப்பதிலும் கழியும் நேரம், முல்லைத்தீவு வைத்தியசாலைக்குச் செல்லும் வழியிற் கழியவேண்டிய நேரம். நஞ்சுமுறி மருந்து இரத்தத்திலுள்ள நஞ்சை அடக்கும். சிதைந்துவிட்ட நுனியை மீட்காது. எனினும், பிந்தி வந்தவருக்கும் வழியுண்டு. சில நாட்களில் நுனிகள் தாமே புதிதாய் முளைக்கின்றன. அதுவரை அவருக்காக மூச்சுவிடும் வேலையைச் செயற்கைச் சுவாசப் பொறி செய்யும்.