பாடாத பிள்ளையைப் பள்ளியைவிட்டுத் துரத்தலாமா?



மத நல்லிணக்கக் கூட்டம் என்றால் நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாமியாரும் ஒரு பாதிரியாரும் ஒரு இமாமும் மேடையில் கைகோத்து நிற்பார்கள். எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது என்று மூவரும் பேசுவார்கள். கூட்டம் கைதட்டிக் கலைந்துபோகும். அவர்கள் எண்ணம் நல்லது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்றால் பொறுத்துக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது? நம் கருத்தையே அடுத்தவரும் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கப் பெருந்தன்மை எதற்கு? ஒருவர் விழுந்து வணங்குவதை இன்னொருவர் வணங்கவே கூடாது என்கிறார். ஒருவர் விருந்தாகப் படைப்பதை இன்னொருவர் தொடவும் மாட்டார். மதங்கள் ஒன்றல்ல. அடுத்தவர் நம்பிக்கை நம்மை உறுத்துகிற இடத்தில்தான் நம் சகிப்பு எவ்வளவு என்பது தெரியவரும்.

அப்படி உறுத்திய ஒரு கதை பக்கத்து மாநிலமான கேரளத்தில் நடந்தது. கோட்டயம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் படித்துவந்தார்கள். குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்தது. காலையில் பிரேயர் மணி அடிக்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். தேசிய கீதம் தொடங்கியதும் இந்த மூவரும் மற்றவர்களைப் போலவே நேராக, மரியாதையாக நிற்பார்கள். வாய் மட்டும் அசையாது. பாடுவதைத் தங்கள் விசுவாசம் அனுமதிக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். இவர்களுக்கு முன்னால் அதே பள்ளியில் படித்த அக்காமார்களும் அப்படித்தான் நின்றார்கள். ஆண்டுக்கணக்காக யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் இது பட்டது. சபையில் கேள்வி எழுப்பினார். விசாரணைக் குழு போட்டார்கள். பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், தேசிய கீதத்தை அவர்கள் அவமதிக்கவில்லை என்றுதான் அந்தக் குழுவே சொன்னது. என்ன பயன்? மேலிடத்து உத்தரவு வந்தது. ஜூலை 26-ஆம் தேதி மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அரசாங்கம் முடிவெடுக்கும்வரை வகுப்பிலாவது உட்காரவிடுங்கள் என்று தகப்பனார் மன்றாடினார். தலைமையாசிரியை கையை விரித்துவிட்டார். தன் பள்ளியில் தவறே செய்யாத மூன்று பிள்ளைகளை, தவறு செய்யவில்லை என்று தெரிந்தே வெளியே அனுப்ப வேண்டிய நிலைமைக்கு ஒரு ஆசிரியை தள்ளப்பட்டாரே, அந்தக் கொடுமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனி நீதிபதியிடமும் தோற்றார்கள், டிவிஷன் பெஞ்சிலும் தோற்றார்கள். தேசிய கீதத்தில் எந்த மதத்தையும் புண்படுத்தும் சொல் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டது அந்த நீதிமன்றம். உண்மைதான், இல்லை. ஆனால் பாட்டின் பொருளைப் பற்றி அந்தப் பிள்ளைகள் பேசவே இல்லையே! எந்த நாட்டின் கீதமானாலும் பாடமாட்டோம் என்பதுதானே அவர்கள் நிலை!

உச்ச நீதிமன்றம் இதைப் புரிந்துகொண்டது. பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு என்ற அந்த வழக்கில் 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் தீர்ப்பளித்தார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்பதே மரியாதை என்றார்கள். தேசிய கீத அவமதிப்பைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பாடுவதைத் தடுப்பவரைத்தான் தண்டிக்கிறது, பாடாமல் நிற்பவரை அல்ல என்றார்கள். கல்வித்துறை காட்டிய சுற்றறிக்கைகளுக்குச் சட்டபலம் கிடையாது என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார்கள். அந்த நம்பிக்கை நீதிபதியின் அறிவுக்கு ஒத்துவருகிறதா என்பது கேள்வியே அல்ல. அவர்கள் மனசாட்சியோடு உண்மையாக அதை நம்புகிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும். அப்படி நம்பினால் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அவர்களுக்குத் துணை நிற்கும்.

இந்தப் பிரிவினர் யார் என்று பாருங்கள். கிறிஸ்துமஸ் கொண்டாட மாட்டார்கள். மூவொருமைக் கொள்கையை ஏற்காததால் மற்றக் கிறிஸ்தவச் சபைகளும் இவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ராணுவத்தில் சேரமாட்டார்கள். தேர்தலில் ஓட்டுப் போடுவதும் இல்லை. ஓட்டுப் போடாத கூட்டத்துக்காக எந்தக் கட்சி கொடி பிடிக்கும்? எவரும் பிடிக்கவில்லை. சட்டப் புத்தகம் ஒன்றுதான் அவர்களுக்குக் கை கொடுத்தது.

“ஒரு பாட்டுப் பாடினால் குடியா முழுகிப் போகும்?” என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். கேளுங்கள், தவறில்லை. அதே கேள்வியைத் திருப்பியும் கேட்க வேண்டும். மூன்று பிள்ளைகள் பாடாமல் நின்றால் யார் குடி முழுகிப் போகும்? அற்ப விஷயம் என்றால் அதற்காக ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளையின் படிப்பை ஏன் பறித்தீர்கள்? பெரிய விஷயம் என்றால், அந்தப் பிள்ளைக்கும் அது பெரிய விஷயம்தானே?

இப்படிப் பிள்ளைகளை விரட்டுவது இந்த நாட்டில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1935-இல் பன்னிரண்டு வயது அக்காவும் பத்து வயதுத் தம்பியும் கொடி வணக்கம் செய்ய மறுத்ததால் பள்ளியைவிட்டு விரட்டப்பட்டார்கள். அவர்களும் யெகோவாவின் சாட்சிகள்தான். 1940 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒரே ஒருவர் மறுபக்கம் என்று, பள்ளி செய்தது சரி என்றது. நீதிமன்றமே சொல்லிவிட்டது, இனி என்ன தயக்கம் என்று கும்பல்கள் கிளம்பின. ஊருக்கு ஊர் அந்தச் சபையாரை அடித்தார்கள். மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் அவர்களுடைய ஜெப மண்டபத்துக்குத் தீ வைத்தார்கள்.

அதே நாட்களில் ஜெர்மனியில் என்ன நடந்தது? இதே பிரிவினர் ஹிட்லருக்கு வணக்கம் சொல்ல மறுத்தார்கள். வதைமுகாமில் அவர்கள் சட்டையில் ஊதா முக்கோணம் தைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அமெரிக்கப் பள்ளிகளில் கொடியை நோக்கி வலது கையை நீட்டித்தான் வணங்குவார்கள், பார்ப்பதற்கு நாஜி வணக்கம் போலவே இருக்கும். 1942 டிசம்பரில்தான் அதை மாற்றி நெஞ்சில் கை வைக்கச் சொன்னார்கள். மறு ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே தூக்கி எறிந்தது. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. போர்க்களத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நாடு, கொடியை வணங்காத பிள்ளைக்கும் பள்ளியில் இடமுண்டு என்றது. அதனால் அந்த நாடு தோற்றுப்போய்விட்டதா?

“அப்படியானால் எதை நம்பினாலும் விட்டுவிட வேண்டுமா? தீண்டாமையும் எங்கள் நம்பிக்கைதான் என்று ஒருவன் சொன்னால்?” என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. இந்த மண்ணில் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோது மதத்தின் பேரைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். அவர்களுக்குத் தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பதில் சொல்லிவிட்டது. பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டதே மத உரிமை என்று 25-ஆவது பிரிவும் எல்லை கட்டியிருக்கிறது. அடுத்தவனைக் கோயில் வாசலில் தடுத்து நிறுத்துகிற நம்பிக்கையும் தன் வாயை மட்டும் மூடிக்கொள்கிற நம்பிக்கையும் ஒன்றாகாது. முன்னதைச் சட்டம் உடைத்தே ஆக வேண்டும். பின்னதைத் தொட யாருக்கும் உரிமையில்லை. மதிப்பது என்றால் ஒப்புக்கொள்வது என்று பொருளில்லை. யெகோவாவின் சாட்சிகள் வீடு தேடி வந்து போதிப்பவர்கள். பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம். ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கிறார்களே, அது தவறு என்று முகத்துக்கு நேரே வாதாடலாம். கல்லெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கல்லையும் தாண்டிப் போய்விட்டது காலம். 2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை காலை. கொச்சியை அடுத்த களமசேரியில் அந்தச் சபையார் கூடி ஜெபித்துக்கொண்டிருந்த மாநாட்டு அரங்கில் குண்டுகள் வெடித்தன. இறந்தவர்களில் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. விசாரணை தொடங்குமுன்பே சமூக ஊடகங்களில் வேறொரு மதத்தார்மேல் பழி போட ஆள்கள் புறப்பட்டுவிட்டார்கள். கடைசியில் காவல் நிலையத்தில் வந்து சரணடைந்தவரோ, தானும் முன்பு அதே சபையில் இருந்தவன் என்றார். அவர் வெளியிட்ட காணொளியில் சொன்ன குற்றச்சாட்டு என்ன தெரியுமா? இவர்கள் தேசவிரோதிகள், தேசிய கீதம் பாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது! 1985-இல் சட்டமன்றத்தில் கேள்வியாகக் கிளம்பிய அதே பேச்சுதான் இது.

1986 தீர்ப்பைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கர்நாடகத்தில் தலையில் துணி போட்ட மாணவிகளைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்தினார்களே, அந்த வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்புகள் எழுதினார்கள். மாணவிகள் பக்கம் நின்ற நீதிபதி சுதான்ஷு துலியா தன் வாதத்துக்குத் துணையாக எடுத்துக்கொண்டவற்றில் இந்தக் கேரளத்து வழக்கும் ஒன்று.

கூட்டத்தில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பொறுப்பில் உள்ளவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பள்ளி வரிசையில் ஒரு பிள்ளை மரியாதையாக நின்று வாய் திறக்காமல் இருந்தால் அந்தப் பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள். பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் கேலி செய்தால் கண்டியுங்கள். வெளியே அனுப்பு என்று யாராவது, எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், வாய்மொழியாக உத்தரவு போட்டால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கொடுத்தால் 1986 ஆகஸ்ட் 11 தீர்ப்பின் நகலை அதோடு இணைத்துத் திருப்பி அனுப்புங்கள். அந்தத் தீர்ப்பு இன்றும் செல்லும்.