மூச்சுக்கு ஒரு துணை



முதலில் ஒரு சின்ன வேலை. கையை மேல்வயிற்றில், விலா எலும்பு முடியும் இடத்தில் வையுங்கள். மூச்சை இழுங்கள். வயிறு வெளியே வருகிறதா? மூச்சை விடுங்கள். உள்ளே போகிறதா?

காற்று வயிற்றுக்குள் போவதில்லை. நெஞ்சில் உள்ள நுரையீரலுக்குத்தான் போகிறது. பிறகு வயிறு ஏன் அசைகிறது? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசை இருக்கிறது. கவிழ்த்து வைத்த சட்டி போன்ற வடிவம். அதற்கு உதரவிதானம் என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் மூச்சுத்தசை என்று சொன்னால் போதும். அது கீழே இறங்கினால் நெஞ்சில் இடம் உண்டாகும், காற்று உள்ளே வரும். அது தளர்ந்து மேலே ஏறினால் காற்று வெளியே போகும். கொல்லர் பட்டறைத் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 முறை இந்தத் தசை வேலை செய்கிறது. தூங்கும்போதும் ஓய்வு இல்லை. அதற்கு உத்தரவு போடுவது மூளை. உத்தரவு கழுத்து வரை இறங்கி, அங்கிருந்து இரண்டு நரம்புகள் வழியாகத் தசைக்குப் போகிறது. வலப்பக்கம் ஒரு நரம்பு, இடப்பக்கம் ஒரு நரம்பு. கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மூளை சுவிட்ச். நரம்பு ஒயர். தசை மோட்டார். மூன்றில் எது கெட்டாலும் தண்ணீர் வராது.

2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் புனே நகரில் ஒயர்தான் கெட்டது. சிங்ககட் சாலை, நாந்தேட் கிராமம், கிர்கட்வாடி, தாயரி ஆகிய பகுதிகளில் பலர் ஒருவர்பின் ஒருவராக மருத்துவமனைக்கு வந்தார்கள். முதலில் வயிற்றுப்போக்கு. அது நின்று சில நாள் கழித்துக் கால் விரல்களில் ஊசி குத்துவது போல இருக்கும். பிறகு கால் தளரும். செருப்பு காலில் நிற்காது. மாடிப்படி ஏற முடியாது. தளர்ச்சி மெல்ல மேலே ஏறும். கைக்கு வரும். சிலருக்கு மூச்சுத்தசைக்கும் வரும்.

இந்த நோய்க்கு கில்லன்-பாரே நோய் என்று பெயர். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவல் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே தாக்கிவிடுகிறது. புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் நோயாளிகளின் மலத்தைச் சோதித்தது. பலரிடம் கேம்பிலோபேக்டர் என்ற கிருமி இருந்தது. கெட்ட தண்ணீரிலும் சரியாக வேகாத கோழிக்கறியிலும் இருக்கும் கிருமி அது. அந்த ஊர்களின் குடிநீர் மேல் சந்தேகம் விழுந்தது. கடக்வாஸ்லா அணை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் குடத்தில் வந்த தண்ணீர் நல்ல தண்ணீராக இல்லை. 200-க்கு மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பலரை மூச்சுக் கருவியில் வைக்க வேண்டி வந்தது. மூச்சுக் கருவி என்பதைத்தான் வென்டிலேட்டர் என்கிறார்கள்.

வென்டிலேட்டரில் வைத்தால் ஆள் பிழைக்க மாட்டார் என்று பேசிக்கொள்வது உண்டு. இது சரியல்ல. இந்த நோயில் நரம்பு மெல்ல மெல்லத் தேறும். அதற்குச் சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அதுவரை மூச்சைக் கருவி பார்த்துக்கொள்ளும். புனேயில் பெரும்பாலானவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்.

இந்தக் கருவி எப்படி வந்தது? 1952-இல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சு நின்று பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் இருந்தார். அவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளை போடச் செய்து, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். ஆனால் பையை யார் அமுக்கிக்கொண்டே இருப்பது? இரவும் பகலும் அமுக்க வேண்டும். மருத்துவம் படிக்கும் மாணவர்கள் வந்தார்கள். ஏறத்தாழ 1,500 பேர் முறை வைத்து, பல மாதம் அமுக்கினார்கள். சாவு பாதிக்கு மேல் குறைந்தது. அந்தக் கைகளின் வேலையைத்தான் இன்று வென்டிலேட்டர் செய்கிறது.

2020-இல் கொரோனா வந்தபோது வென்டிலேட்டர் போதவில்லை. அப்போது புனேயில் நொக்கா என்ற சிறு நிறுவனத்தின் இளைஞர்கள், கான்பூர் ஐ.ஐ.டி.யின் துணையோடு, குறைந்த செலவில் ஒரு வென்டிலேட்டர் செய்தார்கள். அதற்கு முன் அவர்கள் செய்துவந்தது சூரிய மின்தகடு துடைக்கும் இயந்திரம்!

சிலருக்கு ஒயரும் மோட்டாரும் நன்றாக இருக்கும். சுவிட்சிலிருந்து உத்தரவுதான் வராது. மரத்திலிருந்து விழுந்து கழுத்து எலும்பு மேல்பக்கத்தில் முறிந்தவர்களுக்கு இப்படி ஆகலாம். அவர்கள் வாழ்நாள் முழுவதும் கருவியோடு கட்டுண்டு கிடக்க வேண்டுமா? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் வில்லியம் கிளென் இதற்கு ஒரு வழி தேடினார். 1960-களில் அவர் மூச்சு நரம்பில் சிறு மின்கம்பியை வைத்து, வெளியிலிருந்து வானொலி அலை மூலம் மெல்லிய மின்சாரம் அனுப்பினார். தசை இறங்கியது. காற்று உள்ளே வந்தது. இதயத்துக்கு பேஸ்மேக்கர் போல, இது மூச்சுக்கு.

ஆனால் சும்மா கிடந்த தசை மெலிந்திருக்கும். உடனே முழு வேலை கொடுத்தால் களைத்துவிடும். முதலில் சில நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் என்று பழக்க வேண்டும். நோயில் கிடந்து எழுந்தவரை நடக்கப் பழக்குவது போலத்தான்.

பின்னால் கிளீவ்லாந்து நகரின் டாக்டர் ஆண்டர்ஸ் இன்னொரு முறை கண்டார். வயிற்றில் சிறு துளைகள் வழியாக, தசையிலேயே நான்கு கம்பிகளை வைத்தார். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தவர். 2003-இல் அவருக்கு இதைப் பொருத்தினார்கள். காற்று மீண்டும் மூக்கு வழியாகப் போனதால், பல வருடம் கழித்து அவருக்கு வாசனை தெரிந்தது!

இது எல்லாருக்கும் உதவாது. நரம்பே அழிந்துகொண்டு போகும் ஏ.எல்.எஸ். என்ற நோய்க்கும் இது உதவும் என்று நம்பினார்கள். இங்கிலாந்தில் 74 நோயாளிகளிடம் சோதித்தார்கள். கருவி பொருத்தியவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்கள். சோதனையை நிறுத்தி, 2015-இல் உண்மையை ஊருக்குச் சொன்னார்கள். மோசமான முடிவையும் மறைக்காமல் சொன்னதால் பின்னால் வந்த நோயாளிகள் தப்பினார்கள். புனே நோயாளிகளுக்கும் இந்தக் கம்பி வைத்தியம் பொருந்தாது. ஒயரே கெட்டிருக்கும்போது அதில் மின்சாரம் விட்டு என்ன பயன்? வென்டிலேட்டரும், நரம்பைக் காக்கும் ஊசி மருந்தும், நர்சுகளின் கவனிப்பும்தான் அவர்களைக் காத்தன.

தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தால் அந்தக் கிருமி செத்துவிடும். வயிற்றுப்போக்குக்குப் பிறகு இரண்டு காலும் தளர்ந்தால், அந்த நாளே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே டாக்டர் நோயாளியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுவார். உடம்பு நன்றாக உள்ளவர் நாற்பது ஐம்பது வரை போவார். பதினைந்தையே தாண்ட முடியாவிட்டால் மூச்சுத்தசை தளர்கிறது என்று பொருள். அந்த நோயாளி, வென்டிலேட்டர் பக்கத்தில் இருக்கும் வார்டில் இருக்க வேண்டியவர்.