பெரியண்ணனும் சின்னண்ணனும்

 

எளிமை, தாழ்மை, தொண்டு பற்றிய இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கும் வேளையில், திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். தாழ்மையை நாம் பெரும்பாலும் ஒரு மனநிலையாகவே பேசிவருகிறோம். முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால்தான் அது மெய்யா பொய்யா என்று தெரியும் என்பது என் துணிபு.

1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா பேசினார். மிஷனரிகளின் தியாகத்தை மதித்துப் பேசியவர், இந்தியத் திருச்சபைக்கு அவர்களிடமிருந்து நட்பும் வேண்டும் என்று கேட்டார். வீட்டையும் நாட்டையும் விட்டு வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு, இந்திய ஊழியரைச் சமமாக உட்காரவைத்துப் பேச மனம் வரவில்லை. துறவு இருந்தது, தோழமை இல்லை. அந்தக் குறையை வாழ்ந்தே தீர்க்க முயன்றவர்கள் இரண்டு மருத்துவர்கள்: சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன்.

பேட்டன் ஸ்காட்லாந்தின் அல்லோவாவில் கம்பளிநூல் தொழிலில் செழித்த குடும்பத்துப் பிள்ளை. 1921-இல் இருவரும் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவருமே மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள், சுற்றுப்புறக் கிராமத்தாருக்கு மருத்துவம் பார்த்தார்கள், நம் கோயில் கட்டடக்கலையில் ஆலயம் எழுப்பினார்கள். பேட்டனின் செல்வம் இந்தப் பணிக்கே போயிற்று. ஆனாலும் ஊருக்கு ஜேசுதாசன்தான் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளையர் ஆட்சி நடந்த காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள். பணம் கொடுத்தவர் தலைமையும் தனக்கே என்று கேட்காமல் ஒரு தமிழருக்குத் தம்பியாக நின்றார். சொத்தைத் துறப்பதைவிட இது கடினம் என்றே நான் கருதுகிறேன். கொடுத்த கைக்கு ஒரு மிதப்பு இருக்கும். அது எளிதில் இறங்காது.

கதர் அணிந்ததற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1932-இல் சட்டமறுப்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, சென்னையில் பேட்டன் போலீஸ் தடியடிக்கு ஆளானார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும் அளவுக்கு அது பெரிதாயிற்று. தடி விழுந்த அந்த நேரத்தில் வெள்ளைத் தோல் அவரைக் காக்கவில்லை. ஏழைகளோடு இருப்பதென்றால் அவர்கள் படும் அடியும் பங்குக்கு வரும்.

சீடர்களின் காலைக் கழுவ இயேசு எழுந்தபோது மேலாடையைக் கழற்றிவைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார் என்கிறது யோவான் நற்செய்தி. இன்று நம் சபைகளில் பெரிய வியாழனன்று அந்தச் சடங்கு குறைவின்றி நடக்கிறது. மறுவாரம், நம் மருத்துவமனையில் கழிவறை கழுவும் பெண்ணின் சம்பளம் பற்றிய பேச்சு வந்தால் நிர்வாகக் குழுவில் அவருக்கு நாற்காலி உண்டா? இதைக் கேட்காத இறையியலால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே கட்டுரை வாசிக்கவிருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நிறுவனர்களின் கடிதங்களோடும் வரலாற்று நூல்களோடும் நின்றுவிடாதீர்கள். சம்பளப் பதிவேடுகளையும் குழுக்கூட்டக் குறிப்புகளையும் புரட்டுங்கள். இத்தகைய ஆசிரமங்களில் சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், நோயாளிகளைத் தூக்கிச் சுமந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வதை இப்போதே பதிவுசெய்யுங்கள்.