பரிந்துரைச் சீட்டு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது

(ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் பயிற்சி மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் செய்யும் ஓராண்டுப் பயிற்சியில் 12 வாரங்கள் சமுதாய மருத்துவத்துக்கு உரியவை. அந்த நாள்களைக் காரைக்கால் பகுதியில், ஊர்ப்புறக் குழந்தைகள் நலப் பிரிவுகளில் கழித்தேன். கடலோரக் குப்பங்களிலிருந்தும், திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்து வயல் ஊர்களிலிருந்தும் தாய்மார்கள் வருவார்கள். ஒரு குழந்தையை நாங்கள் பார்ப்பது ஐந்து நிமிடம். நீங்கள் பார்ப்பதோ ஆண்டு முழுவதும். இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா உறுதியாகிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது பள்ளிகளையும் மூட நேர்ந்தது. அந்த நோய் எல்லார் கண்ணிலும் பட்டது. ஓசையின்றி இருக்கும் குறைகள் அப்படிப் படுவதில்லை.

அவற்றைக் கண்டறியவே 2013இல் தேசிய சிறார் நலத் திட்டம் தொடங்கப்பட்டது. பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கிறார்கள். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். குறை தெரிந்தால் பரிந்துரைச் சீட்டு தருவார்கள். சிக்கல் அதன் பிறகுதான். "ஒரு நாள் வந்தா ஒரு நாள் கூலி போச்சு டாக்டரம்மா. புள்ள நல்லாத்தானே ஓடியாடுது?" என்று ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் சீட்டு மாதக்கணக்கில் புத்தகப் பையிலேயே கிடந்தது. ஒரு கண்ணில் பார்வை நன்றாக இருந்ததால் அவன் எதையும் சொல்லவில்லை. அவனுடைய ஆசிரியை தாயை வரவழைத்து, நல்ல கண்ணை மூடச் சொல்லி, கரும்பலகையைப் படிக்கச் சொன்னார். அவனால் ஓர் எழுத்தும் சொல்ல முடியவில்லை. மறுநாளே தாய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பல நாள் நாங்கள் சொல்லியும் நடக்காதது அந்த ஒரு நிமிடத்தில் நடந்தது.

இதில் அவசரம் உண்டு. மங்கலான கண் அனுப்பும் காட்சியை மூளை மெல்லப் புறக்கணிக்கத் தொடங்கும். இதைச் 'சோம்பல் கண்' என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி, நல்ல கண்ணை மூடிப் பழக்கும் சிகிச்சை எனத் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். தாமதமானால் பலன் குறைந்துகொண்டே போகும்.

இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். 5 முதல் 9 வயது வரை இளஞ்சிவப்பு மாத்திரை, 10 முதல் 19 வரை நீல மாத்திரை, வாரம் ஒன்று. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அது இயல்பு, ஆபத்தில்லை என்று நீங்கள் முன்கூட்டியே சொன்னால் நிறுத்த மாட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தாருங்கள். உடனே தேநீர் வேண்டாம்.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை. அடுத்து, சீட்டு பெற்ற பிள்ளைகளின் பெயர், சீட்டு தந்த நாள், மருத்துவமனைக்குப் போன நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் பெற்றோரை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். டாக்டர் சொல்லிக் கேட்காதவர்களும் தம் பிள்ளையின் டீச்சர் சொன்னால் கேட்பார்கள்.