சுவர் அறிந்து கழுவுதல்



மார்கழி முடியுந் தறுவாயில், வடகீழ்ப் பருவக்காற்றின் மழை ஓயத் தொடங்கியதும், வடக்கிலும் கிழக்கிலும் பல வீடுகளில் ஒரே பேச்சு எழுவதைக் கேட்டிருப்பீர்கள். “மதில் கறுத்துப் போச்சு, பொங்கலுக்கு முந்திக் கழுவ வேணும்” என்று வீட்டுக்காரி சொல்லுவார். வீட்டுக்காரர் கடைக்குச் சென்று ஏதோ ஒரு போத்தலையோ தூளையோ வாங்கி வருவார். அல்லது அயலில் எவரிடமாவது இருக்கும் அமுக்கநீர் யந்திரத்தை இரவல் கேட்பார். எந்தச் சுவர், எந்த அழுக்கு என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. கழுவுதல் என்பது யாவருக்குந் தெரிந்த வேலைதானே என்று நாம் எண்ணிவிடுகிறோம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அதனால் நேர்ந்த நட்டத்தைப் பின்னர் சொல்லுகிறேன்.

முதலில் அழுக்கைப் பார்ப்போம். நிழல் விழும் பக்கத்தில், கிணற்றடியை ஒட்டிய சுவரில், பச்சையாக வழுவழுவென்று படர்வது பாசி. கூரையின் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கறுப்புக் கோடுகளாக இறங்குவதும் பெரும்பாலும் பாசி இனமோ பங்கசோதான்; புகைக்கரி என்று பலர் தவறாகக் கருதுவர். சில சுவர்களில் செங்காவி நிறத்தில் ஒரு படலம் தோன்றும். இரும்புக் கறை என்று அதைத் தேய்த்துத் தேய்த்துக் கைசலிப்பவர்கள் உண்டு. அதுவும் பச்சைப் பாசி இனத்தைச் சேர்ந்த ஒன்றே. தன் உடலிலுள்ள செம்மஞ்சள் நிறப்பொருளால் பச்சையை மறைத்துக்கொள்கிறது. ஐயமிருந்தால் நீர்த்த வெளிற்றும் திரவத்தில் ஒரு துளியைக் கறையின் மூலையில் வைத்துச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நிறம் வெளிறினால் அது உயிருள்ள அழுக்கு. வெளிறாவிட்டால் புழுதியோ, கரியோ, துருவோ என்று கொள்ளலாம்.

இவற்றுள் சேராத ஒன்று உண்டு. சுவரின் அடிப்புறத்தில், நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை, வெள்ளை மாவு பூத்தாற்போலத் தோன்றும் உப்பு அது. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறி, வெளிமுகத்தில் உலரும்போது, தான் கரைத்துக் கொண்டுவந்த உப்பை அங்கே விட்டுச் செல்லுகிறது. இதைக் கண்டதும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோர் நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுக்கின்றனர். ஊற்றிய நீர் உப்பைக் கரைத்து மீண்டும் உள்ளே கொண்டு செல்லும். அடுத்த வெயிலில் அது முன்னிலும் அதிகமாகப் பூக்கும். உலர்ந்த தும்புத் தூரிகையால் தட்டி, விழுந்த தூளைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்துவதே முறை. ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று தேடுவது அதற்கு அடுத்த வேலை. அநேகமாக உடைந்த பீலியோ, சுவரோரம் குவிந்த மண்ணோ காரணமாக இருக்கும்.

இனிச் சுவர். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளும் கோயில் மதில்களும் பள்ளிக்கூடங்களும் சுண்ணக்கல்லினாலும் முருகைக்கல்லினாலும் எழுப்பப்பட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டவை. புதிய வீடுகள் சீமெந்துக் கல்லும் சீமெந்துப் பூச்சும் பெயின்றும் கொண்டவை. பார்வைக்கு இரண்டும் வெள்ளைச் சுவரே. உள்ளங்கையால் அழுத்தித் தடவிப் பாருங்கள். கையில் வெண்மாவு ஒட்டினால் அது சுண்ணாம்புப் பூச்சாகவோ, முதிர்ந்து பொடியாகிவிட்ட பெயின்றாகவோ இருக்கும். இரண்டுமே வன்மையைத் தாங்கா. பின்பு சிறிது நீரைத் தெளியுங்கள். நீர் உடனே உறிஞ்சப்பட்டால் சுவர் நுண்துளை நிறைந்தது. நாம் பூசும் எந்த மருந்தும் அதற்குள் ஆழமாக இறங்கும் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

அமுக்கநீர் யந்திரத்தைப் பற்றி இப்போது சொல்லலாம். பத்து மீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீர் தன் அடியில் ஏறக்குறைய ஒரு ‘பார்’ அமுக்கத்தைத் தரும். வீட்டுத் தண்ணீர்த் தாங்கி ஐந்து மீற்றர் உயரத்தில் இருந்தால் கீழேயுள்ள குழாயில் அரை பார்தான். வீட்டுப் பாவனைக்கென விற்கப்படும் சிறிய யந்திரமோ நூறு பாரும் அதற்கு மேலும் தரவல்லது. நூறு பார் என்றால் ஆயிரம் மீற்றர் உயர நீர்த்தூண். 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலையின் ஐந்தில் இரு பங்கு உயரத்திற்கு ஒரு குழாயை நிமிர்த்தி, அதன் அடியிலே ஊசித்துளை இட்டால் எவ்வளவு வேகத்தோடு நீர் பாயுமோ, அவ்வளவு வேகம் நம் கைக்குள் அடங்கியிருக்கிறது. யந்திரத்தை நான் குறைகூற வரவில்லை. சீமெந்து முற்றம், கருங்கற் படி, வாகனம் நிறுத்தும் தளம் ஆகியவற்றுக்கு அது மிக நன்று. நிமிடத்துக்கு ஆறு ஏழு லீற்றர் நீரே செலவாவதால், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதை விடச் சிக்கனமுங்கூட. வர்ணம் உறுதியாக ஒட்டியிருக்கும் சீமெந்துச் சுவருக்கும், விசிறிபோல் விரியும் நாற்பது பாகை முனையைப் பூட்டி, இரண்டடிக்குக் குறையாத தூரத்தில் நின்று பயன்படுத்தலாம். ஒரே நூலாகப் பாயச்செய்யும் பூச்சியப் பாகை முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பவே கூடாது. அந்த நூல் மனிதத் தோலையும் துளைக்கும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே தசை சிதைந்திருக்கும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையென்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நான் சொல்ல வந்த நட்டம் இதுதான். 2018ஆம் ஆண்டில் நான் அதிபராகக் கடமையாற்றிய பாடசாலையில், முருகைக்கல்லாற் கட்டிய பழைய மண்டபம் ஒன்று இருந்தது. ஆண்டுவிழா நெருங்கிய வேளை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் அன்போடு ஒரு யந்திரத்தை அன்பளிப்புச் செய்தார். மேற்குச் சுவர் பாசியாற் கறுத்திருந்தது. ஒரு சனிக்கிழமை காலை இளைஞர்கள் இருவர் வேலையைத் தொடங்கினர். முதற் பத்து நிமிடத்தில் கறுப்புப் போய் வெள்ளை தோன்றியதைக் கண்டு நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். நானே அருகில் நின்று “இன்னும் கிட்டப் பிடியுங்கள்” என்று சொன்னேன். அந்த வெள்ளை சுத்தமான சுவரின் வெள்ளையன்று, தோலுரிந்த சுவரின் வெள்ளை என்பது எனக்கு விளங்கவில்லை. கற்களுக்கிடையே இருந்த சுண்ணாம்புச் சாந்து கரைந்து ஓடி, கீழே சிறு மணற்குவியலாக நின்றது. பாடசாலைக்கு ஓடு மாற்ற வந்திருந்த முதிய மேசன் ஒருவர் அதைக் கண்டு ஓடிவந்து, “ஐயா, நிப்பாட்டச் சொல்லுங்கோ. இது தண்ணியாலே அடிக்கிற சுவரில்லை” என்றார். அதற்குள் நான்கு முழ அகலமான இடம் குழிந்துவிட்டது. அவ்வாண்டு மாரியில் அந்த இடத்தினூடாகவே ஈரம் உட்புகுந்து, உள்ளே நூல்நிலைய அலுமாரியில் இருந்த புத்தகங்களில் இரண்டு தட்டுகள் பூஞ்சணம் பிடித்தன. கடலிலிருந்து முருகைக்கல் அகழ்வது இன்று சட்டப்படி தடைசெய்யப்பட்டது. இடிந்த வீட்டுக் கல் எங்கேனும் கிடைத்தாலன்றி, போன கல்லுக்கு ஈடில்லை.

அந்த மேசனிடம் நான் பின்னர் கற்றதையே இங்கு கூறுகிறேன். சுண்ணாம்புச் சுவரை முதலில் உலர்ந்த தும்புத் தூரிகையால் தட்ட வேண்டும்; கம்பித் தூரிகை ஆகாது. தடித்த பாசியை மரச்சில்லினாற் சுரண்டலாம். அதன்பின் மென்மையான தும்புத்தடியும் வாளி நீரும் போதும். வெயில் நேரே அடிக்கும் சுவரில் வேலை செய்யலாகாது. மருந்து வேலை செய்யுமுன் காய்ந்துவிடும். சவர்க்கார நீரோ மருந்து நீரோ பூசும்போது கீழிருந்து மேலே செல்ல வேண்டும்; அலசும்போது மேலிருந்து கீழே வர வேண்டும். மேலிருந்து பூசினால், உலர்ந்த அழுக்கின் மீது வழியும் துளிகள் கோடு கோடாகத் தடம் பதித்துவிடும். அந்தக் கோடுகள் பின்னர் எளிதிற் போவதில்லை.

பாசிக்கு மருந்து குளோரின் சார்ந்தது. போத்தலில் வரும் ஐந்து சதவீதமளவான வெளிற்றும் திரவத்தில் ஒரு பங்குக்குப் பதினைந்து பங்கு நீர் சேர்த்தால் போதும். ‘கூட விட்டால் கூடச் சுத்தம்’ என்பது இங்கே பொருந்தாது. பூசிப் பத்து நிமிடம் விட்டு நன்றாக அலச வேண்டும். வெயிலில் பல மாதம் கிடந்த போத்தலில் வலிமை குன்றியிருக்கும். அதைத் தேவைக்கு மட்டும் வாங்குவதே இலாபம். சுவரோரத்துக் குரோட்டனையும் செவ்வரத்தையையும் முன்கூட்டியே நீரால் நனைத்து மூடிவிடுங்கள். கழுவிய நீர் கிணற்றடிக்கு ஓடாதபடி வாய்க்கால் திருப்புங்கள். மழைநீரைச் சேமிக்கும் தொட்டி உள்ள வீடுகளில் கூரைக் குழாயை அன்று கழற்றி வைக்க வேண்டும்.

இந்த மருந்தோடு அமிலம் எதனையும் கலக்கலாகாது. கலந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். மலசலகூடம் கழுவும் திரவங்கள் பலவற்றில் அமிலம் உண்டு என்பதைப் பலர் அறியார். ஒரே வாளியை இரண்டுக்கும் பாவித்த கூலியாள் ஒருவர் மூச்சுத் திணறி மதிலோரம் குந்தியிருந்ததை நான் கண்ணாற் கண்டிருக்கிறேன். வாளி தன்னுடையது, கூலி நாட்கூலி. ஆகவே அவர் வாய் திறந்து சொல்லவில்லை. வேலைக்கு ஆள் வைக்கும் நாமே கையுறையும் கண்காப்பும் கொடுத்து, எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்ல வேண்டும்.

தரையோட்டில் ஒட்டிய சீமெந்தைப் போக்க மேசன்மார் பாவிக்கும் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சுவருக்கும் ஊற்றுவோர் உளர். வகுப்பில் நான் பிள்ளைகளுக்குக் காட்டும் ஒரு சிறு சோதனை உண்டு. சுண்ணக்கல்லைப் பொடித்து, அதன் மேல் தேசிக்காய்ச் சாறு சில துளி விட்டால் நுரை பொங்கும். கல்லிலுள்ள கல்சியம் காபனேற்று கரைந்து காபனீரொட்சைட்டு வாயு வெளியேறுகிறது. தேசிக்காய்க்கே கல் கரைகிறதென்றால் அந்த அமிலத்துக்கு என்ன ஆகும் என்று கேட்பேன். பிள்ளைகள் உடனே விடை சொல்லுவர். வீட்டிலே தகப்பன்மார்தான் கேட்பதில்லை.

கூரையைப் பற்றிச் சிறிது. ஓட்டுக் கூரையில் நீரைக் கீழிருந்து மேல்நோக்கிப் பாய்ச்சினால், ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடுக்கினூடாக அது உட்புகுந்து மரத்தை நனைக்கும். மேலிருந்து கீழாக, மென்மையாக ஊற்றிக் கழுவுவதே போதும். பீலியில் தேங்கிய சருகையும் அப்போதே அள்ளிவிட்டால் நுளம்புக்கு ஓரிடம் குறையும். கல்நார்ச் சீமெந்துத் தகடு போட்ட கூரையோ வேறு கதை. இந்நாட்டில் எத்தனையோ வீடுகளும் பாடசாலைகளும் அத்தகட்டின் கீழ்தான் இருக்கின்றன. கல்நார் இழை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியுள்ளது. அவுஸ்திரேலியா 2003ஆம் ஆண்டின் இறுதியோடு எல்லாவகைக் கல்நாரையும் தடைசெய்தது. தகடு முழுமையாக இருக்கும்வரை இழை சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கும். அமுக்கநீரால் அடித்தாலோ, கம்பித் தூரிகையால் தேய்த்தாலோ அந்தக் கட்டு அவிழ்ந்து, இழை நீரோடு முற்றமெங்கும் சிதறும். காய்ந்தபின் காற்றோடு எழும். ஆதலால் அக்கூரை கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். அதன்மேல் ஏறுவதுங்கூட ஆபத்து. பழைய தகடு ஆளின் பாரம் தாங்காது.

மீண்டும் எங்கள் மண்டபத்துக்கு வருகிறேன். குழிந்த இடத்தைச் சீமெந்தால் நிரப்பிவிடலாம் என்று சிலர் கூறினர். மேசன் மறுத்துவிட்டார். சீமெந்து கல்லைவிட இறுகியது, ஈரத்தை வெளிவிடாது, அதைச் சுற்றியுள்ள முருகைக்கல்லே பின்னர் உதிரும் என்பது அவர் கருத்து. பின்னர் படித்தறிந்தபோது அது சரியென்றே கண்டேன். சுட்ட சுண்ணாம்பை வாங்கி, பிள்ளைகளை மைதானத்துக்கு அப்பால் அனுப்பிவிட்டு, தொட்டியில் நீற்றினோம். நீர் கொதித்துக் குமுறியது. கண்ணிற் பட்டால் பார்வை போகும். பலநாள் ஊறவைத்த பின், சாந்தாக ஒரு பங்கைக் கல்லிடுக்குகளில் வைத்து அடைத்தோம். எஞ்சியதைப் பால்போல் நீர்க்கச் செய்து, சுவரை நனைத்து, நாளுக்கு ஒரு பூச்சாக மூன்று பூச்சுக் கொடுத்தோம். புதிய சுண்ணாம்பின் காரத்தில் பாசி எளிதில் முளைப்பதில்லை. அடுத்த மாரியில் மேற்குச் சுவர் முன்போல் கறுக்கவில்லை; அலுமாரியும் உலர்ந்தே இருந்தது. யந்திரத்தைச் சீமெந்து முற்றத்துக்கு வைத்துக்கொண்டோம். அன்பளித்தவருக்கும் நடந்ததை எழுதினேன். குழிந்த இடம் மட்டும் இன்னும் சற்றுத் தாழ்ந்தே இருக்கிறது. காலையில் தெரியாது, மாலை வெயில் சாய்ந்து விழும்போது, நான்கு முழ அகலத்தில், நன்றாகத் தெரியும்.